கூடம் கொடுங்கள், ஆடிக் காட்டுவார்கள்

(எங்கள் ஊர் பெண்கள் மேல்நிலைப்பள்ளி விளையாட்டு விழாவில், 2025 ஜூலையில் பேசியது)

விழாவுக்குத் தலைமை தாங்கும் தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா அவர்களே, உடற்கல்வி ஆசிரியை அவர்களே, காலையிலிருந்து பந்தல் கட்டிய தம்பிகளே, முன்வரிசையில் ஜெர்சியோடு உட்கார்ந்திருக்கும் என் கண்மணிகளே, எல்லோருக்கும் வணக்கம். நகர்மன்றத் தலைவர் இத்தனை வேலைகளுக்கு நடுவே வந்திருப்பதில் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மூன்று விஷயம் பேசுவதாகக் குறித்துக்கொண்டு வந்தேன். ஒன்று, தாய்லாந்தில் நடந்த பெண்கள் கால்பந்து ஆட்டம். இரண்டு, நம் பிள்ளைகளின் பயிற்சியும் சாப்பாடும். மூன்று, மைதானம்.

ஜூலை 5, சனிக்கிழமை. சியாங் மாய் நகரத்தில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் நம் இந்தியப் பெண்கள் தாய்லாந்தை எதிர்த்து ஆடினார்கள். அதற்கு முன்பே மங்கோலியாவுக்கு 13, திமோர் லெஸ்தேவுக்கு 4, ஈராக்குக்கு 5 என்று கோல் போட்டிருந்தோம். நாம் ஒன்றுகூட வாங்கவில்லை. ஆனால் தாய்லாந்தும் தன் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டுத்தான் நின்றது. 2015, 2019 என்று இரண்டு உலகக் கோப்பை ஆடிய அணி அது. சொந்த மண், சொந்தக் கூட்டம். ஜெயிப்பவர்களுக்கு மட்டும்தான் ஆசியக் கோப்பைக்கு டிக்கெட்.

அன்று மாலை நான் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் இருந்தேன். கடை டிவியில் இங்கிலாந்தோடு எட்ஜ்பாஸ்டன் கிரிக்கெட் டெஸ்ட். சுப்மன் கில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார், அன்று 161. கூட்டம் முழுக்க அந்தப் பக்கம். இந்தப் பக்கம் பெஞ்சில், இதோ முன்வரிசையில் இருக்கிறார்களே, இவர்களில் நான்கு பேர். என் கைப்பேசியை பிஸ்கட் பாட்டிலில் சாய்த்துவைத்து ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து பார்க்கிறோம். படம் நின்று நின்று வருகிறது. 28ஆம் நிமிடம் சங்கீதா பாஸ்ஃபோர் முதல் கோல் போட்டார். இவர்கள் போட்ட கூச்சலில் மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீ அவர் கையில் கொட்டிவிட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "என்னம்மா, நம்ம பொண்ணுங்களா?" என்று கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கமே வந்து நின்றுகொண்டார். இடைவேளை முடிந்த கையோடு, 47ஆம் நிமிடம், தாய்லாந்து சமன் செய்தது. நான்கு பிள்ளைகளும் பேச்சு மூச்சில்லை. கோல்கீப்பர் பிள்ளை கையுறையைப் போட்டுக்கொண்டது, கழற்றியது, மறுபடியும் போட்டுக்கொண்டது. அதற்குள் கிரிக்கெட் பார்த்தவர்களில் பாதிப் பேர் எங்கள் பின்னால். 74ஆம் நிமிடம் படம் உறைந்துபோனது. சுற்றுகிறது, சுற்றுகிறது. திரும்பி வந்தபோது நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்! மறுபடியும் சங்கீதாதான். கோல் விழுந்ததைப் பார்க்காமலே அந்தக் கடையே கத்தியது. 2-1. அன்று யாரிடமும் டீக்குக் காசு வாங்கவில்லை அந்த மாஸ்டர்.

2003க்குப் பிறகு ஆசியக் கோப்பையை நாம் முழுசாக ஆடவேயில்லை. 2022இல் நம் நாட்டிலேயே நடந்தும், கொரோனாவால் பாதியில் விலக நேர்ந்தது. தகுதிச்சுற்று ஆடி ஜெயித்து உள்ளே போவது இதுதான் முதல்முறை. அடுத்த மார்ச்சில் ஆஸ்திரேலியா!

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்தப் பழமொழியை இந்த மேடையில் நான் திருப்பிச் சொல்கிறேன். இவர்களுக்கு ஆடத் தெரியும். கூடம்தான் கோணல்!

தமிழ்நாட்டுப் பெண்களுக்கு ஆடத் தெரியாதா? 2018இல் கட்டாக்கில், கால்பந்தையே மூச்சாக வைத்திருக்கும் மணிப்பூரை இறுதி ஆட்டத்தில் வென்று தேசிய சாம்பியன் ஆனது நம் மாநிலம். 2023இல் மறுபடியும் ஆனது. கடலூர் இந்துமதி கதிரேசன் நாட்டுக்காக ஆடியவர், நம் காவல்துறையில் உதவி ஆய்வாளர். ஆடத் தெரியும் ஐயா.

கூடத்துக்கு வருகிறேன். நம் ஊர் மைதானத்தில் மே மாதம் பொருட்காட்சி போட்டார்கள். கம்பம் நட்ட குழிகளை மூடாமலே போய்விட்டார்கள். என் முழங்கை வரை உள்ளே போகிறது, அளந்து பார்த்தேன். அதில் கால் விட்டுத்தான் தடுப்பாட்டம் ஆடும் நம் சென்டர் பேக் பிள்ளைக்குக் கணுக்கால் பிசகியது. மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தாள். குழி இல்லாத பக்கம் சாயங்காலம் முழுக்கப் பையன்கள் கிரிக்கெட். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களும் நம் பிள்ளைகள்தான். இவர்கள் விடியற்காலை ஐந்தரைக்கு இருட்டில் வருகிறார்கள். உடை மாற்ற ஒரு அறை இல்லை, கழிவறை பூட்டிக் கிடக்கிறது. மழைக்காலத்தில் அந்தக் காலைப் பயிற்சியும் இல்லை.

பயிற்சி, சாப்பாடு பற்றிச் சொல்ல நேரம் இல்லை, மணி அடித்துவிட்டார்கள். நகர்மன்றத் தலைவர் அவர்களே, நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: குழிகளை மூடுங்கள். வாரத்தில் மூன்று நாள், மாலை நாலரை முதல் ஆறரை வரை மைதானத்தைப் பெண்பிள்ளைகளுக்கு என்று எழுதிப் பலகை வையுங்கள். கழிவறைச் சாவியை உடற்கல்வி ஆசிரியையிடம் கொடுங்கள்.

மனுவில் அணியின் எல்லாப் பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். டீ மாஸ்டரும் போட்டிருக்கிறார். வாம்மா கேப்டன், மேடைக்கு வந்து ஐயா கையில் கொடு.