33-வது கிலோமீட்டரில் ஒரு நாற்காலி

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சொல்வல்லவர்களே, என் அணித் தோழர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நெடுந்தூரச் சாலை ஓட்டத்தில் ஒருவரை எல்லைக்கோடு வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது உள்ளத்தின் உறுதியா, ஓரத்தில் நிற்கும் உறவா? இதுதான் தலைப்பு. உறவுதான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். "42 கிலோமீட்டர் 195 மீட்டர். அத்தனையும் அவன் கால், அவன் மூச்சு. ஓரத்தில் நின்று கைதட்டுகிறவர் அவனுக்காக ஓர் அடியாவது ஓட முடியுமா?" என்று கேட்டார். முடியாது ஐயா, ஒத்துக்கொள்கிறேன். அடுத்து, "விடிகாலை நாலு மணிக்கு ஊரே தூங்கும்போது தனியாக எழுந்து பயிற்சிக்குப் போகிறானே, அங்கே எந்த உறவு வந்தது?" என்றும் கேட்டார். அந்த இடத்தில்தான் என் மனசு ஆறவில்லை.

நாலு மணிக்கு அவர் எழுந்து போனார், சரி. ஏழு மணிக்குத் திரும்பி வரும்வரை அந்த வீட்டில் பால் காய்ச்சியது யார்? பிள்ளையை எழுப்பி, பல் தேய்க்க வைத்து, தலை வாரி, ஸ்கூல் வேனில் ஏற்றியது யார்? முந்தின நாள் ராத்திரி கல்யாண வரவேற்பில், "அவருக்குக் காலையில ஓட்டம் இருக்கு, நாங்க கிளம்பறோம்" என்று பாதிப் பந்தியில் சொந்தக்காரர்களிடம் பேச்சு வாங்கிக்கொண்டு எழுந்தது யார்? ஆறு மாதம் பயிற்சி எடுத்தேன் என்று ஒருவர் சொன்னால், ஆறு மாதம் ஒரு குடும்பம் தன் காலைப் பொழுதை அவருக்குக் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த உறுதியை முளைக்க வைத்ததே அந்த வீடுதான் என்கிறேன்.

என் அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். 48 வயதில் சர்க்கரை என்று தெரிந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடை மெல்ல ஓட்டமாயிற்று. 54 வயதில், சென்னையில் ஜனவரியில் நடக்கும் மாரத்தானில் முழுத் தூரத்துக்குப் பேர் கொடுத்துவிட்டார். எங்களுக்கெல்லாம் பயம். அம்மாவுக்கு மட்டும் பயம் இல்லை. "எங்க நின்னா அவனைப் பார்க்கலாம்?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள்.

ஓடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், 30 கிலோமீட்டருக்கு மேல் ஒரு சுவர் வரும் என்பார்கள். அது கற்பனை இல்லை. நம் தசையிலும் ஈரலிலும் சேர்த்துவைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பு சுமார் 2000 கலோரிக்குத்தான் வரும். முழு மாரத்தானுக்கு அது பற்றாது. இருப்பு தீர்ந்ததும் உடம்பு கொழுப்பை நம்பித்தான் ஓட வேண்டும். அது மெதுவாகத்தான் கைகொடுக்கும். கால் கல்லாகக் கனக்கும். மூளை ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லும்: நின்னுடு, நின்னுடு.

அதனால்தான் நாங்கள் 33-வது கிலோமீட்டரில் போய் நின்றோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெட்டிக்கடை. அதன் ஓரத்தில் அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அண்ணி கையில் தூக்குவாளி நிறைய மோர், உப்பு தூக்கலாக. அண்ணன் மகள் டிவி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்தாள்: "அப்பா, 33 ஆச்சு. இன்னும் 9 தான்."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஓரத்தில் நிற்கும் நம்மில் பலர், ஓடுகிறவர்களைப் பார்த்து "இன்னும் கொஞ்சம்தான், வந்துட்டீங்க" என்கிறோம். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். 25-வது கிலோமீட்டரில் இருப்பவருக்கு அது கொஞ்சம் இல்லை. எத்தனை முடிந்தது, எத்தனை மீதி என்று கணக்காகச் சொல்லுங்கள். நெஞ்சில் குத்தியிருக்கும் அட்டையில் பேர் இருந்தால் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். அன்பிலும் துல்லியம் வேண்டும்.

ஏழு ஐம்பதுக்கு அண்ணன் வந்தார். கறுப்பு பனியனில் வியர்வை காய்ந்து, அடுப்படிச் சுவரில் சுண்ணாம்பு பூத்த மாதிரி உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. வாய் திறந்து ஒரு வார்த்தை வரவில்லை. மோரைக் குடித்தார். பாதி கழுத்தில் வழிந்தது. அம்மாவின் கையைப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்றேன், அவர் விரல் நடுங்கியதைப் பார்த்தேன். அம்மா சொன்னாள்: "மெதுவாப் போய்யா. நான் இங்கயேதான் இருக்கேன்." அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இல்லை. போய்விட்டார்.

அன்று ராத்திரி காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு அண்ணன் சொன்னதை அப்படியே சொல்கிறேன், நடுவர் அவர்களே: "31-லயே நின்னுடலாம்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா அம்மா 33-ல உட்கார்ந்திருப்பாங்களே. அதுவரைக்கும் போய்ச் சொல்லிட்டு நின்னுக்கலாம்னுதான் ஓடினேன். அங்க வந்தப்புறம் நிக்கத் தோணலை."

31-க்கும் 33-க்கும் நடுவே அண்ணன் காதில் எங்கள் யாருடைய குரலும் விழவில்லை. எதிரணி எங்கள் வாதத்தை வெறும் கைதட்டல் என்று சுருக்கிவிட்டது. கைதட்டல் காதுக்கு எட்டும் தூரம் நூறு அடி. எனக்காக ஒருத்தி நாற்காலி போட்டுக் காத்திருக்கிறாள் என்ற நினைப்பு இரண்டு கிலோமீட்டர் எட்டும். நான் பேசுவது அந்த நினைப்பைப் பற்றித்தான்.

உணர்ச்சி வேறு, சான்று வேறு என்று எதிரணித் தம்பி சொன்னார். சான்றும் இருக்கிறது. 2014-இல் சாமுவேலே மார்கோரா என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிலை சைக்கிளை மிதிக்கிறவர்கள் முன் திரையில் முகங்கள் வந்து போகும். முகத்தைப் பார்த்தோம் என்றே அவர்களுக்குத் தெரியாது, அத்தனை வேகம். சோக முகம் வந்தபோது மிதித்ததைவிடச் சிரித்த முகம் வந்தபோது அதிக நேரம் மிதித்தார்கள். யாரோ ஒருவருடைய முகத்துக்கே அந்தப் பலன் என்றால் பெற்றவள் முகத்துக்கு?

இதைவிடப் பெரிய சான்று கென்யாவின் எலியுட் கிப்சோகே. 2017 மே மாதம் இத்தாலியின் மோன்சாவில், கார் பந்தயத் தடத்தில், இரண்டு மணி நேரத்துக்குள் மாரத்தான் ஓட முயன்றார். பொதுமக்கள் திரண்டு நிற்கும் சாலை இல்லை அது. 2 மணி 25 விநாடி ஆனது. இருபத்தைந்தே விநாடி! 2019 அக்டோபர் 12, வியன்னா. மரங்கள் அடர்ந்த பிராட்டர் பூங்காச் சாலை, இரண்டு பக்கமும் மனிதத் தலைகள். 1 மணி 59 நிமிடம் 40 விநாடி. காலணி மாறியது, முன்னே ஓடிக் காற்றைத் தடுத்தவர்களின் அணிவகுப்பும் மாறியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இன்னொன்றும் மாறியது. அதுவரை அவர் ஓடுவதை நேரில் வந்து பார்த்திராத மனைவி கிரேஸும் மூன்று பிள்ளைகளும் அன்று வியன்னாவில் நின்றார்கள். கடைசித் தூரத்தில் உடன் ஓடியவர்கள் பின்வாங்கிவிட, அவர் கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே தனியாக வந்தார். கோட்டைத் தாண்டியதும் மனைவியைக் கட்டிக்கொண்டார். உலகத்திலேயே அதிக உறுதி படைத்த ஓட்டக்காரர் யார் என்றால் எதிரணியும் அவரைத்தான் சொல்லும். அவருக்கே வேண்டியிருந்தது, நடுவர் அவர்களே.

எதிரணி ஜான் ஸ்டீபன் அக்வாரியைத் துணைக்கு அழைத்தது. 1968, மெக்சிகோ ஒலிம்பிக் மாரத்தான். தான்சானியாவின் அக்வாரி வழியில் விழுந்து முழங்கால் பிசகி, கட்டுப் போட்ட காலோடு, முதலில் வந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கி, இருட்டிய மைதானத்துக்குள் கடைசி ஆளாக வந்தார். "யார் இருந்தார் அவருக்கு?" என்று கேட்டார்கள். கலையாமல் இருந்த சில ஆயிரம் பேர் கைதட்டினார்கள், அதை விட்டுவிடுங்கள். ஏன் நிற்கவில்லை என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலைப் பாருங்கள். என் நாடு என்னை 5,000 மைல் தாண்டி அனுப்பியது ஓட்டத்தைத் தொடங்க அல்ல, முடிக்க என்றார். "என் உறுதி" என்று சொல்லவில்லை, "என்னை அனுப்பினார்கள்" என்றார். காத்திருக்கிறவர்களுக்காகத்தான் அந்தக் காலும் நொண்டி நொண்டி வந்தது. அக்வாரி எங்கள் அணி!

இத்தாலிய ஓட்டக்காரர் டொராண்டோ பியெட்ரியின் கதையைச் சொல்லி, உதவியால்தான் அவர் பதக்கம் போனது என்றார்கள். 1908, லண்டன் ஒலிம்பிக் மாரத்தான். எல்லைக்கோட்டுக்கு முன்னால் திரும்பத் திரும்ப விழுந்தவரைத் தூக்கிவிட்டார்கள், அதனால் வெற்றி பறிபோனது, உண்மை. ஆனால் தூக்கியது தடத்தில் நின்ற அதிகாரிகள். உறவு கயிற்றுக்கு வெளியே நிற்கும். தொடாது. என் அண்ணனை 33-இல் யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை. அவரே வந்தார், அவரே போனார்.

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குத் தெரியும். ஊர் கூடி ஓட்டம் நடத்துவதைத் தென்னாப்பிரிக்காவில் பார்க்கலாம். 1860 முதல் நம் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய அதே நேட்டால் மண். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே சுமார் 90 கிலோமீட்டர். காம்ரேட்ஸ் என்று பெயர். முதல் உலகப் போரில் இறந்த தோழர்களின் நினைவாக 1921-இல் தொடங்கியது. வழிநெடுக மக்கள் காலையிலேயே நாற்காலி போட்டு, அடுப்பு மூட்டி, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். அட்டையில் பேர் இருக்கும், முன்பின் தெரியாதவரையும் பேர் சொல்லி அழைப்பார்கள். 12 மணி நேரம் முடிகிற விநாடியில் ஒருவர் ஓட்டக்காரர்களுக்கு முதுகு காட்டி நின்று துப்பாக்கியைச் சுடுவார். அதற்குப் பிறகு வருகிறவருக்குப் பதக்கம் இல்லை. அந்தக் கடைசி நிமிடங்களில் மைதானமே எழுந்து நின்று கத்தும். முதலில் வந்தவருக்கா? இல்லை, கடைசியில் வருகிறவருக்கு. உறுதி மட்டும் போதும் என்றால் அவர்கள் ஏன் தொண்டை கிழியக் கத்த வேண்டும்?

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிடம், நடுவர் அவர்களே. அம்மாவைப் பாதியில் விட்டுவிட்டேன்.

அண்ணன் போனதும் நாங்கள் மூவரும் எல்லைக்கோட்டுக்கு விரைந்தோம். அம்மாவைப் பெட்டிக்கடை அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அண்ணன் 5 மணி 10 நிமிடத்தில் முடித்தார். பதக்கத்தோடு ஆட்டோவில் திரும்பி வந்தோம். அம்மா அதே நாற்காலியில் இருந்தாள். ஐந்தாவது வரை படித்தவள். அட்டையில் பேரெல்லாம் இங்கிலீஷில் இருக்கும், அவளுக்குப் படிக்கத் தெரியாது. எண் தெரியும். வருகிற ஒவ்வொருவரையும் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "எண்ணூத்திப் பன்னெண்டு, வாப்பா! ஆயிரத்தி நாலு, வாம்மா, ஒம்போதுதான் இருக்கு!" அந்த ஆயிரத்து நாலு, தாண்டிப் போன பிறகும் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தியது.

அண்ணன் பதக்கத்தைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டு, "வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றார். அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இருய்யா. தூரத்துல இன்னும் ரெண்டு பேர் வராங்க."

வணக்கம்.