5 காசும் ஒரு யானைக்குட்டியும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு வேலைய அப்படியே போட்டுட்டு வந்து உக்காந்திருக்கற அன்பர்களே, எல்லாருக்கும் வணக்கம். இயற்கையக் காப்பாத்தணும்ங்கற எண்ணத்த நம்ம மனசுல விதைக்கறது படமா சட்டமா, இதான் தலைப்பு. நான் படத்துக்குப் பேச வந்திருக்கேன்.

முன்னாடி பேசின அண்ணன் என்ன சொன்னாரு, 2023 ஜூலைலேர்ந்து சூப்பர்மார்க்கெட்ல பிளாஸ்டிக் பைக்கு 5 காசு, அன்னிலேர்ந்து சிங்கப்பூரே துணிப்பையோட கிளம்பிருச்சு, எந்தப் படம் இதப் பண்ணுச்சுன்னு கேட்டு கைதட்டலும் வாங்கிட்டாரு. அண்ணே, அந்த 5 காசு வருஷத்துக்கு 10 கோடி வெள்ளிக்கு மேல வியாபாரம் பண்ற சூப்பர்மார்க்கெட்டுக்கு மட்டும்தான். அதே துணிப்பை ஆளுங்கள நான் தேக்கா மார்க்கெட்ல பாக்கறேன், மீனுக்கு ஒரு பை, இறாலுக்கு ஒரு பை, தண்ணி ஒழுகுமேன்னு அதுக்கு மேல இன்னொரு பை, கறிவேப்பிலைக்குத் தனியா ஒண்ணு. அங்க யாரும் காசு கேக்கல, அதனால மனசும் கேக்கல.

சட்டம் வேணாம்னு நான் சொல்ல வரல. அது எப்ப வருதுன்னு மட்டும் பாருங்க. 2013 ஜூன்ல சுமத்ராவுல எரிஞ்ச புகை இங்க வந்து காத்து மாச அளக்கற பிஎஸ்ஐ 401 வரைக்கும் போச்சே, மாஸ்க் கிடைக்காம கடை கடையா அலைஞ்சோமே, எல்லை தாண்டி வர்ற புகைக்குன்னு நம்ம நாட்டுல சட்டம் வந்தது 2014ல. நம்ம தொண்டை எரிஞ்சப்புறம்! அதுக்கு முன்னாடி அங்க காடு எரியறது நமக்குத் தெரியாதா என்ன, தெரியும், வலிக்கல. தூரத்துல எரியறது இங்க இருக்கறவனுக்கு வலிக்கணும்னா யாராவது அத கண்ணு முன்னாடி கொண்டாந்து காட்டணும்ல.

'பிளாக்ஃபிஷ்'னு ஒரு ஆவணப்படம், 2013ல வந்துச்சு, அமெரிக்காவுல சீவேர்ல்ட்ங்கற கடல் பூங்காவுல அடைச்சு வச்ச திலிக்கம்ங்கற ஓர்காவ, அதான் கொலைகாரத் திமிங்கலம்னு சொல்வாங்களே, அதப் பத்தினது. அந்தக் காலத்துல குட்டி ஓர்காக்களப் பிடிக்கப் போன ஆளே அதுல வந்து மனசு உடைஞ்சு பேசுவாரு. படம் பாத்த ஜனங்க சும்மா இருக்கல, டிக்கெட் வாங்க மாட்டோம்னுட்டாங்க, எதிர்ப்பு தாங்காம 2016 மார்ச்சுல சீவேர்ல்ட் ஓர்கா இனப்பெருக்கத்தையே நிறுத்தறோம்னு அறிவிச்சது. கலிபோர்னியாவுல அதுக்குச் சட்டம் வந்தது அதே வருஷம், ஆனா அந்த அறிவிப்புக்கும் அப்புறம்!

அவ்வளவு தூரம் ஏன், எங்க மாமியார எடுத்துக்குங்க (முன் வரிசையிலதான் இருக்காங்க, நான் வீட்டுக்குப் போகணும், கொஞ்சம் பாத்துப் பேசறேன்). பியர்ஸ் நீர்த்தேக்கம் பக்கம் போனா கைப்பையில ரொட்டி இருக்கும், குரங்குக்குப் போடறதுக்கு. 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம்மான்னு சொன்னா "யாரு பாக்கப் போறா, வாயில்லா ஜீவன்"னுவாங்க. 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆஸ்கார் வாங்குச்சுல்ல 2023ல, முதுமலையில பொம்மனும் பெள்ளியும் ரகுன்னு ஒரு யானைக்குட்டிய வளக்கறது, அத ஒரு ராத்திரி வீட்ல போட்டோம். ரகுவ வேற ஆள்கிட்ட ஒப்படைக்கற இடத்துல "ஏன்டா பிரிக்கறீங்க"ன்னு டிவியோட சண்டை. ஆனா அவங்க மனசுல தங்கினது வேற ஒண்ணு, ரகுவோட அம்மா இரை தேடி ஊருக்குள்ள வந்து கரண்ட் ஷாக்குல செத்தது. அடுத்த தடவ பியர்ஸ் போனப்ப ரொட்டியே எடுத்துட்டு வரல. கேட்டா, "நான் போட்டுப் பழக்கினா அது நம்ம வீட்டு புளோக்குக்குத்தான் வரும், வந்தா அடிபட்டுச் சாகும்"னாங்க. அபராதப் பலகை அங்க எத்தனை நாளா நிக்குது!

படம் பாத்து அழுதவனே பாப்கார்ன் டப்பாவ சீட்டுக்கு அடியில விட்டுட்டுப் போறான்னு எதிரணி கேப்பீங்க, தெரியும். கடைசி பத்து நிமிஷம் ஹீரோ கேமராவப் பாத்து ஆறு, விவசாயின்னு லெக்சர் அடிக்கற படமா இருந்தா நானே டப்பாவ விட்டுட்டுத்தான் வருவேன், அதுக்கெல்லாம் நான் வாதாட வரல. ஒரு உயிரப் பேரோட காட்டற படத்துக்குத்தான் இங்க நிக்கறேன்.

மணி அடிச்சிட்டாங்க. அடுத்து வர்ற அக்கா, கலிபோர்னியாவுக்கு அந்த ஓர்கா சட்டத்துக்கான யோசனை எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லிட்டு மத்தத ஆரம்பிங்க. வணக்கம்.