பற்றாக்குறையைப் பங்கிடுவது எப்படி?

பெரியோர்களே, பாசனச் சங்கத்து நண்பர்களே, வணக்கம்.

ஏரி நிரம்பிக் கலிங்கில் தண்ணீர் வழியும் ஆண்டில் எந்த ஊரிலும் வாய்க்கால் சண்டை கிடையாது. ஏரி பாதிதான் நிரம்பியது, நெல் பால்பிடிக்கும் நேரம், மழையைக் காணோம் என்றால்தான் ராத்திரியில் மண்வெட்டியோடு மடைக்குப் போகிறார்கள். காவிரியையே பாருங்கள். 1990இல் நடுவர் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, கர்நாடகம் ஆண்டுக்கு நமக்கு விட வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி). நல்ல மழை ஆண்டில் அந்த எண்ணை யார் கேட்கிறார்கள்? பொய்த்த ஆண்டில் எவ்வளவு குறைப்பது என்பதில்தான் இழுபறி.

தென் மாவட்ட ஏரிப் பாசன ஊர்கள் பலவற்றில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. தண்ணீர் மட்டம் இறங்கியதும் ஊர் கூடிப் பேசி, வயல்களுக்குத் தண்ணீர் திறந்து பாய்ச்சும் ஊர் ஊழியரான நீர்க்கட்டியிடம் மதகை ஒப்படைத்துவிடும். அப்புறம் நிலத்துக்காரர் யாரும் மடையில் கைவைக்கக் கூடாது. தலைமடை முதல் கடைமடை வரை அவர்தான் முறைவைத்துப் பாய்ச்சுவார். எந்த வயல் இன்னும் நாலு நாள் தாங்கும், எது நாளைக்கே வெடித்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அறுவடையில் ஒவ்வொரு களத்திலும் அவருக்கு நெல் அளப்பார்கள். எல்லா வயலும் விளைந்தால்தான் அவருக்கு முழுக்கூலி. எதையும் காயவிட மாட்டார்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நீர்க்கட்டிகளில் பெரும்பாலோர் தலித் மக்கள். ஆயக்கட்டில், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் பரப்பில், அவர்களுக்கு நிலம் இல்லை. அதனாலேயே பாரபட்சம் பார்க்க மாட்டார்கள் என்று ஊர் நம்பியது. நிலம் மறுக்கப்பட்டவரிடம் நியாயத்தை எதிர்பார்த்த ஊர் அது. பழையதை அப்படியே கொண்டுவருவோம் என்று யாராவது முழங்கினால் நான் கைதட்ட மாட்டேன்.

பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. மோட்டார் வைத்திருப்பவருக்கு முறை எதற்கு? ஊர்க்கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார், நெல் அளப்பதும் நின்றது, வாய்க்கால் தூர்ந்தது. ஏரியில் நீர் நின்றால்தான் தன் கிணறும் ஊறும் என்பது மோட்டார் காற்றை இழுக்கும் நாளில்தான் அவருக்கு உறைக்கிறது.

விவசாயிகளே பாசனத்தை நிர்வகிப்பதற்கான 2000ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பாசனச் சங்கத்துக்குத் தேர்தல் நடத்துகிறோம், சரி. மதகுக்கு ஆள் எங்கே? ஐப்பசி மழைக்கு முன்பே மதகுத் தூணில் ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் அதற்குக் கீழே போனால் முறை தொடங்கும். சாதி பார்க்காமல், சம்பளம் பேசி ஆள் போடுங்கள். அந்தச் சம்பளத்தில் கிணற்றுக்காரருக்கும் பங்கு உண்டு. அவர்கள் முரண்டு பிடிப்பார்கள், தெரியும். இங்கே முன்வரிசையில் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். உங்களிடமிருந்தே பேச்சைத் தொடங்கலாமா?