ஏழரை மணிக்குப் பிறகு என்ன செய்வது?

அவையோருக்கு வணக்கம். இன்று நீரேற்று மின்நிலையம் பற்றிப் பேசப்போகிறேன். பினாங்கில் மின்சாரம் என்றால் முதலில் ஏர்கோன்தான் நினைவுக்கு வரும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2025 ஜூலையில் மின்கட்டண முறை மாறியது. நேரத்துக்கேற்ற கட்டணத்தில் வார நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்சநேரம். முதல் பாதியில் வெயில் இருக்கிறது, சோலார் வேலை செய்கிறது. ஏழரைக்கெல்லாம் இருட்டிவிடும். வேலை முடிந்து வந்து நாம் ஏர்கோனைப் போடுவதும் அப்போதுதான். சோலார் பலகைகளை இரண்டு மடங்காக்கினாலும் இரவு எட்டு மணிக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

நீரேற்று மின்நிலையம் இந்த நேர இடைவெளியை நிரப்பும். மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை. மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலே ஏற்றுவார்கள். தேவை கூடும்போது அதையே இறக்குவார்கள். பெரும்பாலும் ஒரே இயந்திரம்தான்: ஒரு பக்கம் சுழன்றால் பம்பு, மறுபக்கம் சுழன்றால் டர்பைன். பத்து யூனிட் போட்டு ஏற்றினால் ஏழரை, எட்டு யூனிட் திரும்பி வரும். "அப்போ நஷ்டம்தானே?" என்பீர்கள். யூனிட் கணக்கில் நஷ்டம்தான். ஆனால் நண்பகலில் மிஞ்சும் யூனிட்டுக்கும் இரவு எட்டு மணி யூனிட்டுக்கும் மதிப்பு ஒன்றா?

சரி, எவ்வளவு நீர் வேண்டும்? ஒரு டன் நீரை 367 மீட்டர் உயரத்திலிருந்து இறக்கினால், இழப்பே இல்லாவிட்டாலும் கிடைப்பது ஒரு யூனிட். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும், அவ்வளவுதான். நமக்குத்தான் கொடிமலை இருக்கிறதே என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பக்கத்து ஆயர் ஈத்தாம் அணை குடிநீருக்கானது, அளவிலும் சிறியது.

தமிழ்நாட்டில் இது பழைய விஷயம். கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் மலையைக் குடைந்து, பூமிக்கடியில் 100 மெகாவாட் இயந்திரங்கள் நான்கை வைத்திருக்கிறார்கள். 1980களின் கடைசியில் ஓடத் தொடங்கிய நிலையம் அது. மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து நீரை ஏற்றுகிறது. வேல்ஸ் நாட்டு டினோர்விக் அதைவிடப் பெரிது, 1,728 மெகாவாட். தயார் நிலையில் சுழன்றுகொண்டிருந்தால் அரை நிமிடத்துக்குள் முழுத் திறனையும் கொடுத்துவிடும். நிலக்கரி நிலையத்தால் இது முடியாது.

இங்கே பேராக் ஆற்றில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டரோ என்று அணைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. புதிதாகக் காட்டை அழிப்பதற்கு முன் இவற்றில் எந்த ஜோடி ஒத்துவரும் என்று பார்ப்பதுதான் நியாயம். தெமெங்கோர் ஏரி பரந்தது. அதற்குக் கீழே உள்ள பெர்சியா சிறியது. கீழே எவ்வளவு நீர் நிற்குமோ அவ்வளவைத்தான் திருப்பி ஏற்றலாம்.

அப்புறம் வண்டல். கேமரன் மலையில் 1960களில் வந்த ரிங்லெட் நீர்த்தேக்கத்தைச் சரிவுத் தோட்டங்களின் மண் தூர்த்துக்கொண்டே வருகிறது. 2013 அக்டோபரில் அங்கே திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களையும் கொண்டுபோனது. ஆகவே எந்தத் திட்டம் வந்தாலும், எத்தனை மெகாவாட் என்பதற்கு முன் அந்த ஏரியில் இன்று எவ்வளவு ஆழம் மிச்சம் என்று கேளுங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.