தாளில் இல்லாத கார்ட்

நேயர்களுக்கு வணக்கம். கிட்டார் பழகுகிற எல்லோரும் ஒரு கட்டத்தில், பிடித்த பாட்டின் கார்ட்களை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, எழுதி வைத்த தாளைத் தேடிப் போகிறார்கள். அதில் இருக்கிறபடியே விரல் வைத்தாலும் இசைத்தட்டில் கேட்ட ஒலி வருவதில்லை. தனக்கு வாசிப்பு வராது என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பாட்டு எப்படிப் பதிவானது என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் மூன்று பாட்டுகளை எடுத்துக்கொள்வோம். மூன்றும் லண்டன் ஆபி ரோடில், அப்போது இ.எம்.ஐ. என்ற பெயரில் இருந்த ஸ்டுடியோவில் பதிவானவை.

1964 ஏப்ரல் 16 அன்று பதிவானது 'எ ஹார்ட் டேஸ் நைட்'. அதன் முதல் கார்ட் ஒரே ஒரு அடிதான். அதற்கு ஒரு தாளில் ஜி செவன் சஸ் ஃபோர் என்று இருக்கும், இன்னொன்றில் எஃப் ஆட் நைன் என்று இருக்கும். ஜார்ஜ் ஹாரிசனின் பன்னிரண்டு கம்பி கிட்டார், ஜான் லென்னனின் கிட்டார், பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிட்டார், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் பியானோ எல்லாம் சேர்ந்து எழுப்பிய ஒலி அது. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரவுன் அந்த ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்த்து, பியானோ இல்லாமல் அது வராது என்ற முடிவுக்கே வந்தார். ஒரு கிட்டாரில் அதை அப்படியே கொண்டுவர முடியாது. முடியவில்லையே என்று வருந்த வேண்டியதும் இல்லை.

'யெஸ்டர்டே' நேர்மாறானது. 1965 ஜூன் 14 அன்று மெக்கார்ட்னி தனியாக உட்கார்ந்து, ஒரே கிட்டாரோடு பாடினார். வயலின், செல்லோ எல்லாம் மூன்று நாள் கழித்துச் சேர்ந்தவை. பாட்டு ஒலிப்பது எஃப், அதாவது நாலு கட்டை. ஆனால் அவர் கிட்டாரின் ஆறு கம்பிகளையும் ஒரு கட்டை இறக்கிவிட்டு, ஜி கார்டைப் பிடித்து வாசித்தார். டி மைனர் கேட்கிற இடத்தில் அவர் விரல் பிடிப்பது இ மைனர். அப்போது ஆறாவது கம்பி, அதாவது எல்லாவற்றிலும் தடித்த கம்பி, அழுத்தாமலே டி ஸ்வரத்தில் அதிரும். வழக்கமான சுருதியில் அவ்வளவு கீழே போகும் டி ஸ்வரம் கிட்டாரில் கிடையவே கிடையாது. அந்தப் பாட்டின் கனம் எனக்கு அந்தத் தளர்ந்த கம்பியில்தான் கேட்கிறது.

சரி, மூன்றாவது 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. எனக்கு மிகவும் பிடித்த பதிவு இதுதான். 1966 நவம்பர், டிசம்பரில் இதை இரண்டு விதமாகப் பதிவு செய்தார்கள். ஒன்று குழுவே வாசித்த நிதானமான ஏழாவது டேக், அதாவது ஏழாவது முறை பதிவு செய்தது. மற்றது டிரம்பெட்டும் செல்லோவும் சேர்ந்த, வேகமான இருபத்தாறாவது டேக். லென்னனுக்கு முன்னதன் ஆரம்பமும் பிடித்திருந்தது, பின்னதன் முடிவும் பிடித்திருந்தது. இரண்டையும் ஒட்டச் சொன்னார். சுருதியும் வேறு, வேகமும் வேறு என்றார் மார்ட்டின். உங்களால் முடியும் என்று லென்னன் விட்டுவிட்டார்.

டேப் ஓடும் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் கூடவே இறங்கும். நல்லவேளையாக, வேகமான டேக்தான் மேல் சுருதியிலும் இருந்தது. மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் அதன் வேகத்தைக் குறைத்து, டேப்பை வெட்டி ஒட்டினார்கள். பாட்டு தொடங்கிச் சுமார் ஒரு நிமிடத்தில் வருகிறது அந்த ஒட்டு. தெரிந்துகொண்டு கேட்டால், அங்கிருந்து லென்னனின் குரல் கொஞ்சம் கனத்துப் போவது புரியும்.

இப்படி வேகத்தை மாற்றியதால் பாட்டு ஆறு கட்டையிலும் நிற்கவில்லை, ஆறரைக் கட்டையிலும் நிற்கவில்லை. நடுவில் எங்கோ நிற்கிறது. ட்யூனர் கருவி சரி என்று காட்டும் கிட்டாரை எடுத்து இசைத்தட்டோடு சேர்ந்து வாசித்தால் பிசிறடிக்கும். கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியைப் போட்டாலும் தீராது, அது அரைக் கட்டை அரைக் கட்டையாகத்தான் ஏற்றும். கருவியை அணைத்துவிட்டுப் பாட்டை ஓடவிடுங்கள். ஒரு கம்பியை அதன் சுருதிக்குத் திருப்பிச் சேர்த்துக்கொண்டு, மற்ற ஐந்தையும் அந்தக் கம்பிக்குச் சேருங்கள். அப்புறம் அந்தத் தாளை எடுத்து வாசித்துப் பாருங்கள்.