‘டோங்’ சொன்னால் விலை குறையும்

(ஜகார்த்தாவில் வாழும் தமிழர்களின் ஆண்டு விழாவில் பேசியது. எழுத்தில் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது.)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சிக்காராங்கிலிருந்து அத்தனை வாகன நெரிசலையும் தாண்டி வந்து சேர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் தூதரகத்து ஐயா அவர்களே, காலையிலிருந்து அடுக்களையை விட்டு வெளியே வராத தாய்மார்களே, பொருளாளர் அவர்களே! பொருளாளரைத் தனியாக விளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவரிடம் பிறகு ஒன்று கேட்கப் போகிறேன். அனைவருக்கும் வணக்கம், செலாமாட் சோரே.

சற்று முன் பேசிய செயலாளர், “இந்தோனேசிய மொழி ரொம்பச் சுலபம், மூன்று மாதத்தில் பேசிவிடலாம்” என்றார். அவர் சொன்னது பாதி சரி. காலத்துக்குக் காலம் வினை மாறாது. ஆண்பால் பெண்பால் கிடையாது. ‘தியா’ என்றால் அவனும்தான், அவளும்தான். மூன்று மாதத்தில் வாக்கியம் வந்துவிடும். ஆனால் அந்த வாக்கியத்தை வாயில் வைக்க முடியாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். இந்த ஊர்க்காரர்களும் சப்பென்று இருப்பதை ‘உப்பில்லாத சாயூர்’, அதாவது உப்பில்லாத காய்கறி, என்றுதான் சொல்கிறார்கள். நான் பேச வந்தது அந்த உப்பைப் பற்றி, பேச்சில் ஒட்டிக்கொள்ளும் குட்டிச் சொற்களைப் பற்றி: டோங், ஸிஹ், கோக், டேஹ், லோ, கன், நிஹ், துஹ். இவை எங்கிருந்து வந்தன, என்ன வேலை செய்கின்றன, தீவுக்குத் தீவு எப்படி மாறுகின்றன என்று மூன்று பகுதியாகச் சொல்லலாம் என்று குறிப்பு எழுதி வந்திருக்கிறேன்.

1928 அக்டோபர் 28 அன்று இளைஞர்கள் கூடி, ஒரே தாய்நாடு, ஒரே இனம், ஒற்றுமைக்கு ஒரே மொழி என்று உறுதி எடுத்தார்கள். எழுநூறுக்கு மேல் மொழிகள் உள்ள நாடு இது. அதிகம் பேர் பேசிய ஜாவா மொழியை விட்டுவிட்டு, துறைமுகங்களில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த மலாயை ‘இந்தோனேசிய மொழி’ என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நான் என்றைக்கும் கைதட்டுவேன். 1945 அரசியல் சட்டத்தின் 36ஆம் விதி அதையே நாட்டு மொழி ஆக்கியது. பள்ளியிலும் செய்தித்தாளிலும் அந்த மொழி சட்டை மடிப்புக் கலையாமல் நிற்கிறது. தெருவுக்கு வந்தால் கதை வேறு. ஜகார்த்தாவின் பெத்தாவி மக்கள் பேச்சு தொலைக்காட்சி வழியாக நாடெங்கும் போய்விட்டது. ‘அல்ல’ என்னும் ‘புகான்’ தேய்ந்து ‘கன்’. ‘ஆயிற்று’ என்னும் ‘சுடாஹ்’ தேய்ந்து ‘டேஹ்’ என்கிறார்கள். ‘இது’, ‘அது’ என்னும் ‘இனி’, ‘இத்து’ இரண்டும் ‘நிஹ்’, ‘துஹ்’. ‘கோக்’கும் ‘லோ’வும் ஜாவாக்காரர் வாயிலும் உண்டு. முதல் பகுதி முடிந்தது.

இனி வேலை. இதற்கு ஒரு கதை சொன்னால் போதும். நம் ஊர் அம்மாள் ஒருவர், கணவருக்கு இங்கே வேலை, வந்து சில மாதம் இருக்கும். புத்தகம் வைத்துப் படித்தவர், கெட்டிக்காரர். வாசலுக்குத் தள்ளுவண்டியில் காய்கறிக்காரர் வருவார். அம்மாள் கங்குங் கீரைக்கட்டை எடுத்து, புத்தகத்தில் உள்ளபடியே, “குராங்ஙி ஹார்காஞா” என்பார். “விலையைக் குறை.” இலக்கணப்படி ஒரு குற்றமும் இல்லை. வண்டிக்காரர் முகம் மட்டும் இறுகிப் போகும், விலை இம்மியும் அசையாது. ஒருநாள் பக்கத்து வீட்டு ஈபு, அதாவது இந்த ஊர் அம்மா, வந்தார். அதே கட்டு, அதே காசு. “குராங்ஙின் டோங், பாங்!” என்று ஒரு இழுப்பு இழுத்தார். நம் பேச்சில் “கொஞ்சம் குறைச்சுக் குடேன், அண்ணே.” வண்டிக்காரர் சிரித்தார், விலை குறைந்தது, மேலே இரண்டு மிளகாயும் விழுந்தது!

அம்மாள் விடுவாரா? அன்றிலிருந்து வீடெல்லாம் டோங். வேலைக்காரப் பெண்ணிடம் டோங், காவல்காரரிடம் டோங். எல்லா இடத்திலும் காரியம் நடந்தது. இந்த நிலையில் கணவரின் கம்பெனி விருந்து. பெரிய அதிகாரி, ஜாவாக்காரர், குரல் உயராத மனிதர், பக்கத்தில் வந்து, “ஈபு இந்தோனேசியா வந்து நாளாச்சா?” என்று மரியாதையாகக் கேட்டார். அம்மாள் பளிச்சென்று, “சுடாஹ் டோங்!”

கணவர் கையிலிருந்த தட்டு ஆடியது. ஏனென்றால் கெஞ்சும்போது குழைகிற அதே டோங், பதிலின் வாலில் ஒட்டினால் “பின்னே, ஆகாமலா! இதையும் ஒரு கேள்வின்னு கேக்கறீங்களே” என்று ஆகிவிடும். தோழியிடம் சொன்னால் குறும்பு. மேலதிகாரியிடம்? நல்ல வேளை, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “வாஹ், ஜகார்த்தாக்காரர் ஆகிவிட்டார் நிஹ்!” என்று மேசை மேசையாகப் போய்ச் சொன்னார். அந்த அம்மாள் இந்த அரங்கில் இருக்கிறார். எந்த வரிசை என்று சொல்ல மாட்டேன். இரவு எனக்குச் சோறு வேண்டும்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. உப்பு கூடினாலும் அதே குப்பைதான். கொட்டுகிற இடமும் தெரிய வேண்டும். ‘கோக்’கைப் பாருங்கள். “கோக் பெலும் மாக்கான்?” என்று முன்னால் வந்தால் “என்ன, இன்னும் சாப்பிடலையா?” என்ற வியப்பு. “சுடாஹ் கோக்” என்று பின்னால் வந்தால் “சாப்பிட்டாச்சே, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல” என்ற சமாதானம். ‘ஸிஹ்’ அதைவிடக் கள்ளத்தனம். “பாகுஸ் ஸிஹ்...” என்று ஒருவர் இழுத்தால், நல்லாத்தான் இருக்கு, அடுத்து ஒரு ‘ஆனால்’ வருகிறது என்று அர்த்தம். அந்த இழுப்பைக் காதில் வாங்காமல் ஒப்பந்தம் முடிந்ததாக வீட்டுக்குப் போனவர்கள் நம்மில் உண்டு. அரசு அகராதியே ‘டோங்’கைப் பேச்சு வழக்கு என்று குறித்து, கருத்தை இனிப்பாக்கவும் மென்மையாக்கவும் வருவது என்கிறது. ஆனால் எந்த இடத்தில், எந்தக் குரலில், யாரிடம் என்று எந்த அகராதி சொல்லும்?

மூன்றாவது பகுதி, தீவுக்குத் தீவு. மேற்கு ஜாவாவின் பூர்வாகார்த்தா நூற்பாலைகளில் இருப்பவர்களுக்கு, அந்தப் பக்கத்து சுந்தாக்காரர்களின் ‘மாஹ்’ தெரிந்திருக்கும். “சாயா மாஹ்” என்றால் நம் “நான்லாம்”. சுலவேசித் தீவின் மகாசாரில் “சாத்து ஜி” என்றால் “ஒண்ணே ஒண்ணுதான்”. சுமத்ராவில் மேடானின் ‘பாஹ்’... தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மேடானை விட்டுவிடுகிறேன்.

பொருளாளர் அவர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். இந்த மண்டபத்தின் பின்னறையில் உடைந்த நாற்காலிகள் குடியிருக்கின்றன. புதிதாக வந்து இறங்கும் நம் பிள்ளைகளுக்கு அங்கே ஞாயிற்றுக்கிழமை பேச்சு வகுப்பு நடத்த வேண்டும் என்று எத்தனையோ கூட்டங்களில் கேட்டுவிட்டேன். கரும்பலகை வேண்டாம், புத்தகம் வேண்டாம். நம் வீடுகளில் வேலை செய்யும் ஈபுமார்கள், கார் ஓட்டும் ‘பாக்’மார்கள், அதாவது ஐயாமார்கள், வந்து உட்கார்ந்து பேசட்டும். ஆசிரியர் அவர்கள், சம்பளமும் அவர்களுக்கு. நம்மில் பலர் இங்கே பல ஆண்டுகள் இருந்தும் அவர்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறோமே தவிர, உட்கார்ந்து பேசியது குறைவு. உத்தரவுக்கு டோங் தேவைப்படவில்லை, அதனால் நாம் கற்கவும் இல்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று மறுபடி சொன்னால் தாய்மார்கள் அடிக்க வருவார்கள்.

தூதரகத்து ஐயா ஒரு வார்த்தை சொன்னால் காரியம் விரைவில் நடக்கும். அறைச் சாவி செயலாளரிடம் இருக்கிறது. நாற்காலிகளை மாடிப்படிக்குக் கீழே நகர்த்த நாலு இளைஞர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு நில்லுங்கள். சாவியைத் தாருங்கள் டோங், பாக் செயலாளர்! வணக்கம்.