கிரகணத்தன்று கேமராவோடு போனோம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அறிவியலும் கடவுள் நம்பிக்கையும் பற்றி மாணவர்கள் ஆவணப்படம் எடுப்பதைக் குறித்துப் பேச நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். காட்சித் தொடர்பியல் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆவணப்படம் சொல்லிக்கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. வருடத்துக்கு ஒரு குழுவாவது இந்தத் தலைப்போடு வந்து நிற்கும். கையில் இருக்கிற திட்டமும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். ஒரு விஞ்ஞானி, ஒரு சாமியார். இவரிடம் ரெண்டு நிமிஷம், அவரிடம் ரெண்டு நிமிஷம். கடைசியில் கடற்கரை, சூரிய உதயம், புல்லாங்குழல். படம் முடிந்ததும் யாரைப் பற்றியும் எதுவும் தெரிந்துகொண்ட மாதிரி இருக்காது. அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. நல்ல பிள்ளைகள், நல்ல கேமரா, மாதக்கணக்கில் உழைப்பு, இருந்தும் இப்படி ஆகிவிடுகிறது.

அப்படி ஆகாமல் வந்த ஒரு படத்தைப் பற்றி இன்றைக்குச் சொல்கிறேன்.

2019 டிசம்பர் 26 உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வளைய சூரிய கிரகணம். நிலா சூரியனை முழுக்க மறைக்காமல், சுற்றிலும் ஒரு வளையல் மாதிரி வெளிச்சத்தை விட்டு வைத்த கிரகணம். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று நம் ஊர்கள் வழியாகவே அந்த நிழல் போனது. காலை 8 மணி வாக்கில் ஆரம்பித்து, ஒன்பதரை மணி சுமாருக்கு 3 நிமிடம் போல வளையம் தெரிந்தது. அதற்கு ஐந்து மாணவர்களோடு திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்துக்கு முதல் நாளே போய்த் தங்கினோம்.

பிள்ளைகள் ஒரு கேள்வித்தாள் தயாரித்து வைத்திருந்தார்கள். முதல் கேள்வி, 'கிரகணத்தை நீங்கள் நம்புகிறீர்களா?' ஒரு பாட்டியிடம் கேட்டார்கள். "ஆமா தம்பி" என்றார். அவ்வளவுதான், பேட்டி முடிந்துபோனது. நான் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, 'நாளைக்குக் காலையில் நீங்க என்னென்ன செய்வீங்க பாட்டி?' என்று மட்டும் கேளுங்கள் என்றேன். பாட்டி முக்கால் மணி நேரம் பேசினார். எத்தனை மணிக்குள் சமைத்துச் சாப்பிட்டு முடிக்க வேண்டும், ஊறுகாய்ச் சாடிக்குள் தர்ப்பையை எப்படிப் போடுவது, அம்மியைக் கழுவி எப்போது கவிழ்ப்பது, விட்டதும் யார் முதலில் குளிப்பது, எல்லாம் வந்தது. நம்புகிறீர்களா என்று கேட்டால் மனிதர்கள் சுருங்கிவிடுகிறார்கள். என்ன செய்வீர்கள் என்று கேட்டால் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். இதை நான் வகுப்பில் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன், இங்கேயும் இன்னொரு முறை சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் பாட்டி வீட்டில்தான் உலக்கை. உங்களுக்குத் தெரிந்திருக்கும், கிரகணம் பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நிறுத்துவார்கள். கிரகணம் இருக்கிறவரைக்கும் அது நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பார்கள். நின்றது. பூண் தேய்ந்துபோன பழைய உலக்கை, மஞ்சள் கரைத்த தண்ணீருக்குள் அசையாமல் நின்றது. கேமரா பிடித்த பையன் கெட்டிக்காரன். மறுநாள் காலையில் திரும்பப் போய், அதே தாம்பாளம், அதே உலக்கை, மெதுவாக நிறுத்திப் பார்த்தான். அன்றைக்கும் நின்றது. அடிப்பக்கம் தட்டையாக இருந்து, பாரம் நேராக இறங்கினால் எந்த நாளும் நிற்கும், அதில் சந்தேகமே கிடையாது. பையனுக்கு ஏக சந்தோஷம். படம் கிடைத்துவிட்டது என்று நினைத்தான்.

அப்புறம் பாட்டி சொன்னார். "நிக்கும்னு எனக்குத் தெரியும் கண்ணு. எங்க மாமியா செத்த வருஷத்துல இருந்து நாந்தான் நிறுத்துறேன். சும்மா நாள்ல நிறுத்துனா வீட்ல யாரு வந்து சுத்தி உக்காருறா?"

பையன் கேமராவை அணைக்கவில்லை. ஆனால் எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது அந்த வரியை எடுத்துவிடலாம் என்றான். "வாதம் பலவீனமாகுது மேடம்" என்றான். நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. மறுநாள் உலக்கை நின்ற காட்சி வேண்டும், பாட்டி சொன்ன வரியும் வேண்டும். தன் பக்கத்துக்கு இடைஞ்சலாக இருக்கிற துண்டைத்தான் எவரும் முதலில் வெட்டப் பார்ப்பார்கள். அறிவியல் பக்கம் நிற்கிறவரும் அதைச் செய்வார், பக்தி பக்கம் நிற்கிறவரும் செய்வார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

அந்த ஊர் சிவன் கோயிலில் காலையிலேயே நடை சாத்திவிட்டார்கள். குருக்கள் வெளி மண்டபத்தில் உட்கார்ந்து ஜபம் செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய புங்கமரம். நிழல் எப்போதும் போலத்தான் விழுந்திருந்தது. ஒன்பது மணிக்கு மேல் பார்த்தால், இலை இடுக்கு வழியாகத் தரையில் விழுகிற வெளிச்சப் பொட்டு ஒவ்வொன்றும் பிறை பிறையாக மாறியிருந்தது. இலைகளுக்கு நடுவில் இருக்கிற சின்ன இடைவெளி ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமரா மாதிரி வேலை செய்கிறது. தரையில் விழுவது சூரியனின் படம். ஒன்பதரை வாக்கில் பிறைகளின் முனைகள் ஒன்று சேர்ந்தன. கல் தளம் முழுக்க நூற்றுக்கணக்கில் வளையங்கள். காற்று அடித்தால் எல்லாம் சேர்ந்து ஆடின. குருக்கள் ஜபத்தை நிறுத்தவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது, கையை மட்டும் நீட்டி உள்ளங்கையில் ஒரு வளையத்தை வாங்கிப் பார்த்தார். எங்கள் படத்தில் அந்தக் காட்சி 40 விநாடி ஓடும். அதற்கு வர்ணனை எழுதவே கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை. ஒரு மாணவி அதைப் படம்பிடித்து வந்தாள். நபிகள் நாயகத்தின் சின்ன மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் வந்தது, அந்தச் சாவுக்காகத்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள், யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை, அவை இறைவனின் அத்தாட்சிகள் என்று நபிகள் சொன்னார், இதை இமாம் அவளிடம் விளக்கியிருக்கிறார். மகனைப் பறிகொடுத்த தகப்பன் அன்றைக்கே சொன்ன சொல் இது. மதம் ஒரு பக்கம் அறிவியல் ஒரு பக்கம் என்று போட்டு வைத்திருந்த திட்டத்தில் இதை எங்கே வைப்பது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. விட்டுவிடலாமா என்றார்கள். கூடாது என்றேன்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜான் வாரன் என்று ஒருவர். பிரெஞ்சு வழியில் வந்தவர், ஆங்கிலேயப் படையில் அதிகாரி, சென்னை வான் ஆய்வகத்திலும் சில வருடம் பொறுப்பில் இருந்தவர். தென்னிந்தியப் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றி 1825-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதற்காகத் தேடியபோது புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் கிடைத்தார். ஏடு கிடையாது, எழுதுகோல் கிடையாது. தரையில் சோழிகளைப் பரப்பிவைத்து, அந்த வருடம் மே 31, ஜூன் 1 இரவில் வர வேண்டிய சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார். அட்டவணை முழுக்க மனப்பாடம். எண்களாக இல்லை, சொற்களாக. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண், சொல்லைச் சொன்னால் எண் வந்துவிடும். நிலாவுக்கு இப்படி 248 வாக்கியங்கள் உண்டு, நாளுக்கு ஒன்று. முதல் வாக்கியம் 'கீர்ந ச்ரேய'. அதைப் பிரித்தால் 12 பாகை 3 கலை. பாகை என்றால் டிகிரி, அதில் அறுபதில் ஒரு பங்கு கலை. முதல் நாளில் நிலா வானத்தில் நகர்கிற தூரம் அது. உங்கள் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம் இருந்தால், அந்தப் பெயரில் இருக்கிற வாக்கியம் இதுதான். எப்படிக் கூட்டிக் கழிப்பது என்பதற்குக் காகிதத்தில் வரைந்து காட்ட வேண்டும், வானொலியில் அது வேண்டாம். சோழி தரையில் படுகிற சத்தத்தை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மனிதருக்கு வானவியல் கோட்பாடு எதுவும் தெரியாது என்று வாரன் எழுதியிருக்கிறார். நினைவாற்றல் மட்டும் அபாரம். சரி, கணக்கு பலித்ததா? கிரகணம் தொடங்கும் நேரத்தில் 4 நிமிடம்தான் வித்தியாசம். நடுவில் 23 நிமிடம். முடியும் நேரத்தில் 52 நிமிடம்.

இந்த மூன்று எண்ணும் எங்கள் எடிட்டிங் அறையில் பெரிய சண்டையையே கிளப்பிவிட்டன. ஒரு மாணவி, பாரம்பரியத்தில் மிகுந்த பற்றுள்ளவள், 4 நிமிடத்தைச் சொன்னால் போதும் என்றாள். தரையில் சோழி வைத்து 4 நிமிடத் துல்லியம், கேட்டால் புல்லரிக்கும் என்றாள். உலக்கைப் பையனோ 52-ஐச் சொல்லலாம் என்றான். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிழையைத் துல்லியம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டான். ரெண்டு பேர் சொன்னதிலும் பொய் இல்லை. ஒன்றை மட்டும் வைத்தால் பொய்யாகிவிடும். ரெண்டு நாள் பேசினோம். கடைசியில் திரையில் சோழிகளுக்கு மேல் மூன்று எண்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 4, 23, 52. பார்க்கிறவர்கள் முதல் எண்ணுக்குக் கைதட்ட ஆரம்பித்து, மூன்றாவதில் அமைதியாகி, பிறகு அந்த மனிதரைப் பற்றி யோசிப்பார்கள். ஒவ்வொரு திரையிடலிலும் இதைப் பார்த்தேன். முன்னே மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, இடைஞ்சலான துண்டை வெட்டக் கூடாது என்று, அது இதுதான்.

அதே நூற்றாண்டில், சில பத்தாண்டுகள் கழித்து இன்னொரு மனிதர், சிந்தாமணி இரகுநாதாச்சாரி, சென்னை வான் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர், 1868 முழுச் சூரிய கிரகணத்தைப் பதிவுசெய்தவர். அவரே பஞ்சாங்கத்தையும் புதிய கணக்கில் திருத்த வேண்டும் என்று பாடுபட்டார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு படம் எடுக்கலாம், அதற்கு இன்று நேரமில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் இடம் கொடுப்பது என்றால் எல்லாவற்றையும் சரி என்று சொல்வது இல்லை. அந்த ஊரில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர், காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜன்னல் சாத்திய அறையில் உட்கார்ந்திருந்தார். கிரகணத்தால் குழந்தைக்கு எந்தக் கேடும் வராது, தாய் தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் கேடு என்று படத்தில் ஒரு டாக்டர் நேராகவே சொல்கிறார். சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறார். விழித்திரைக்கு வலி தெரியாது, கெட்டுப்போன பிறகுதான் தெரியும். வீட்டில் வருத்தப்படுவார்கள், இந்தப் பகுதி வேண்டாம் என்று அந்தச் சோழி மாணவி கேட்டாள். அவளுக்கும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். ஒலிப்பதிவு பற்றியும், கோயிலுக்குள்ளும் பள்ளிவாசலுக்குள்ளும் அனுமதி கேட்கிற முறை பற்றியும் சொல்ல வைத்திருந்தேன், முடியவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். படம் முடிந்ததும் கல்லூரியில் காட்டுவதற்கு முன்னால், படத்தில் வருகிறவர்களுக்குக் காட்டுங்கள். நாங்கள் அந்த ஊர்ச் சாவடியில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினோம். பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் உலக்கை நின்ற காட்சி வந்ததும் பக்கத்தில் இருந்த மருமகளைத் தட்டி, "பாத்தியா, நாந்தான் சொன்னேன்ல" என்றார்.

2031 மே 21-ல் அடுத்த வளைய கிரகணம் தமிழ்நாட்டின் தென்பகுதி வழியாகப் போகிறது. இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிற பிள்ளைகள் அதற்குக் கேமரா எடுத்துக்கொண்டு போகலாம். முதல் நாளே போய்விடுங்கள். வணக்கம்.